வான்வேந்தன் பெட்டிக்குள் அம்மா

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு, அக்கா. அதோ, முன்னால் ஜன்னலோரத்தில் பச்சைப் புடவை, காதோரம் நரை, அவள்தான். பெயர் செண்பகவல்லி. நீங்கள் ஏறும்வரைக்கும் இந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அவளுக்குக் காற்று வேண்டுமாம், முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய குரலை ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒரு ஜீவன்கூடக் கேட்காதபடி ஒரு ஆள் அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். பூட்டி வைத்ததை வேறு பெருமையாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பஸ் நகர்கிற மாதிரி தெரியவில்லை. வடபழனிதானே இறங்குகிறீர்கள்? நாங்களும்தான். அப்படியானால் கேளுங்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் அம்மா டப்பிங் ஆர்ட்டிஸ்ட். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகிச் சாலிகிராமம் வந்தவள், பக்கத்துத் தெரு ஸ்டுடியோவில் குரல் கொடுக்கப் போனாள். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். அதற்கப்புறம் அவள் பேசினால் உப்புத்தாளை மரத்தில் தேய்க்கிற மாதிரி இருக்கும். சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். வீட்டில் பேசவேண்டியதை எல்லாம் நானே பேசிவிடுகிறேன், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று.

அவளுடைய பழைய குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகமே இல்லை, அக்கா. எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. வீட்டில் ஒரு கேசட் கிடையாது, கல்யாண வீடியோகூடப் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அந்தக் குரல் மிச்சமிருக்கிற ஒரே இடம் வான்வேந்தன் படங்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டுப் படம், மொத்தம் ஐந்து பாகம். தங்க நிறத்தில் ஒரு மேலங்கி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றுகிற ஒரு தடியன். லோரா என்று ஒரு கதாநாயகி. அவளுக்கு வேலையே விழுவதுதான். ஒரு பாகத்தில் கோபுரத்திலிருந்து விழுவாள், இன்னொன்றில் பாலத்திலிருந்து, அப்புறம் விமானத்திலிருந்து. அவன் வந்து பிடிப்பான். பெண்ணைப் பற்றிய அவர்களுடைய கற்பனை அவ்வளவுதான், விழவேண்டும், பிடிபடவேண்டும். அது வேறு விவாதம், அதற்குள் இப்போது போகவில்லை.

அந்த ஐந்தையும் தமிழில் டப்பிங் செய்து, கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன வீடியோ கம்பெனி தகரப் பெட்டியில் போட்டு பாக்ஸ் செட்டாக விற்றது. கொஞ்சம்தான் போட்டார்கள். கம்பெனியும் மூடிவிட்டது. டிவியில் வந்தது வேறு டப்பிங். இந்தத் தமிழ் இணையத்தில் எங்கேயும் கிடையாது, தேடாத இடமில்லை. லோராவுக்குப் பேசியது என் அம்மா. சின்ன வயதில் ஒருநாள் சோறு ஊட்டும்போது சொன்னாள், "வான்வேந்தன் படத்துல கதாநாயகிக்கு நாந்தான்டி..." அவள் முடிப்பதற்குள் நான் வாயில் சோற்றோடு எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டேன், சொல்ல. பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். கல்லூரியில் பெண் உழைப்பு பற்றி ஒரு பட்டிமன்றம், அதில் இதைச் சொல்லித்தான் ஜெயித்தேன். 'பெட்டியின் மேல் நடிகன் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயர் இருக்கிறது, என் தாயின் பெயர் எங்கே?' என்று கேட்டபோது கைதட்டல் அடங்கவே இல்லை. எம்.ஏ. ஆய்வுக்கட்டுரையையும் இதை வைத்துத்தான் எழுதப் போகிறேன்.

இப்படியிருக்கும்போது, பழைய சூப்பர் ஹீரோ பட பாக்ஸ் செட்டுகளைச் சேர்க்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழு இணையத்தில் கண்ணில் பட்டது. எல்லாம் வளர்ந்த ஆம்பளைகள், அக்கா. தொப்பை வைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. மூலை மழுங்காமல் இருக்கிறதா, தகரத்தில் கீறல் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா. ஒருத்தர் எழுதுகிறார், பெட்டியைத் திறந்ததும் வருகிற புது பிளாஸ்டிக் வாசனையை மூடிமூடித் திறந்து முகர்ந்தாராம். கீழே முப்பது பேர் 'ஆஹா' என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு இன்னொருத்தர் திட்டுகிறார், 'திறந்துட்டீங்களா பாவி, செத்துப்போச்சு அந்தப் பெட்டி' என்று.

அங்கேதான் அந்தப் பெட்டியின் போட்டோ போட்டிருந்தது. 'வான்வேந்தன், தமிழ், சீல் உடையாதது. எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.' போட்டவர் பெயர் கிருபாகரன், வேளச்சேரி. ஐ.டி. கம்பெனியில் வேலை.

நான் உடனே எழுதினேன், இதில் கதாநாயகிக்குப் பேசியிருப்பது என் அம்மா, ஒருமுறை போட்டுக் கேட்க வேண்டும் என்று. மரியாதையாகத்தான் எழுதினேன். அந்த ஆள் என்ன பதில் போட்டார் தெரியுமா?

'இந்த டப்பிங்கை எல்லாம் யாரு தங்கச்சி கேக்கப் போறாங்க? அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்க. ஆனா சீலை உடைக்க முடியாது. பெட்டிதான் இதுல விஷயமே.'

யாரு கேக்கப் போறாங்க! என் அம்மாவின் தொண்டையை, அவளுடைய வாலிபத்தை, ஒரு தகர டப்பாவுக்குள் அடைத்துவிட்டு, டப்பாதான் விஷயமாம்! வாழைப்பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோலுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து வைக்கிற கூட்டம். நான் அன்றைக்கு எழுதினேன் பாருங்கள், அந்தக் குழுவில் அதுவரைக்கும் யாரும் அவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டார்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

"எதுக்கு மங்கை இவ்வளவு? அது வந்து, லோராவுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா. உனக்கு நடந்தது உனக்கே தெரியல. அதான் நான் பேசுறேன்ல" என்றேன். சுரண்டப்படுகிறவர்களுக்குத் தாங்கள் சுரண்டப்படுவது தெரியாது. அது எங்கும் உள்ளதுதான்.

அவள் பாவம், கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

சண்டையால் அந்த ஆள் மசியவில்லை. விவாதம் என்றால் எதிராளி எதை நம்பி நிற்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும், அக்கா. அவன் நிற்கிற பலகையை உருவவேண்டும். அவர்களுடைய குழுவிலேயே பழைய பதிவுகளைத் தோண்டினேன். அந்தக் காலத்து டிஸ்க்குகள் சிலது சரியாக ஒட்டப்படாமல், உள்ளே காற்றுப் புகுந்து, பெட்டியில் இருந்தபடியே கெட்டுப்போகுமாம். ஓரத்திலிருந்து பழுப்பு ஏறி, வெளிச்சத்தில் பிடித்தால் பொத்தல் பொத்தலாகத் தெரியுமாம். அவர்கள் இதைச் சாவுச்செய்தி மாதிரி பேசிக்கொள்கிறார்கள். நான் கிருபாகரனுக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரே ஒரு கேள்வி. உள்ள டிஸ்க் நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சீல் உடையலையே."

"சீல் உடையாததால நீங்க பாக்கல. பாக்காததால தெரியாது. அஞ்சு டிஸ்க்கும் கருவாடா கிடக்கலாம். இல்ல, கம்பெனிக்காரன் அவசரத்துல வேற ஏதாவது பக்திப் பட டிஸ்க்கை வச்சு மூடியிருக்கலாம். நீங்க இத்தனை வருஷமா வெறும் டப்பாவுக்குக் காவல் இருக்கீங்களோ என்னவோ?"

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா?

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். தூக்கம் போச்சாம். பெட்டியை எடுத்து ஆட்டி ஆட்டிக் காதில் வைத்துக் கேட்கிறாராம். "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. திறக்கிறதுன்னா, அதுல பேசினவங்க முன்னாடியே திறந்திடறேன்."

அம்மா வரமாட்டேன் என்றாள். "வேண்டாம் மங்கை, பெரிய ஆளுங்க வீடு, நான் எதுக்கு" என்றாள். நான்தான் புடவை எடுத்துக் கொடுத்து, வாதாடி, கூட்டிக்கொண்டு வந்தேன். இன்றைக்குத்தான், அங்கேயிருந்துதான் வருகிறோம்.

அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! வெளியறையில் அந்த ஆளுடைய மனைவி சுபா வியர்த்து ஒழுகிக்கொண்டு துணி மடிக்கிறாள், ஒரே ஒரு ஃபேன். பெட்டிகள் இருக்கிற அறைக்கு மட்டும் ஏ.சி.! ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. சுவரெல்லாம் அலமாரி, அலமாரி எல்லாம் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம். மருந்து பாட்டிலில் போடுவார்களே, அது. உள்ளே நுழைந்தால் பிணவறை மாதிரி ஒரு சில்லிப்பு, பசையும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு நாற்றம். அதை இழுத்து முகர்ந்துவிட்டு, "வாசனை வருதா?" என்று என்னிடம் கேட்கிறார்.

"இதுல எத்தனை படம் சார் பாத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பாக்குறதுக்குன்னா போன்லயே இருக்கேம்மா."

கேட்டீர்களா பதிலை?

வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை எடுத்து வந்தார். பிள்ளை தூக்குகிற மாதிரி. தகரத்தின் மேல் வான்வேந்தன் கையை நீட்டிப் பறக்கிறான், கக்கத்தில் லோரா. பிளேடை எடுத்தார். "சுபா, நீ ஒரு தடவை பாத்துக்கோ" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் எட்டிப் பார்த்து, "சீக்கிரம் கிழிங்க, அவங்களுக்குக் காபி ஆறுது" என்றாள். அந்த வீட்டில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான். தாளைக் கிழித்தபோது அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் வந்தது, சத்தியமாக. ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு! என் அம்மாவின் குரல் போனபோது யார் அழுதார்கள்?

டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் பாகத்தைப் போட்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை ஜில்லென்று இருந்தது.

லோரா வந்தாள். பேசினாள். "இந்த நகரத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் காப்பாற்ற முடியாது." தேன் மாதிரி குரல், அக்கா. கனமான, நிதானமான, ராணி மாதிரி ஒரு குரல். இதுதான், இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தாலாட்டுகூட ஞாபகம் வந்துவிட்டது.

கிருபாகரன் மெதுவாகக் கேட்டார், "அம்மா, இது நீங்களா?"

"ஆமாம்" என்றேன் நான்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோரா கோபுரத்தின் உச்சிக்கு ஏறினாள், வில்லன் அவளைத் தள்ளினான், அவள் அலறிக்கொண்டே கீழே போனாள். ஏ.சி. அறைக்குள் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இது நான்" என்றாள் அம்மா.

"அதான் சொன்னேனே" என்றேன்.

"பேசுனது ராஜாத்தி அக்கா. கத்துனது நான்."

எனக்குப் புரியவே இல்லை. அந்த ஆள்தான் படத்தை நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரையில் அம்மா எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். "தனியா ஆள் வச்சுக் கத்துவாங்களாம்மா?"

"பின்ன? ராஜாத்தி அக்கா குரல் தங்கம். அதக் கத்திக் கெடுத்துக்கிட்டா நாளைக்கு யாரு பேசுறது? அதனால பேச்செல்லாம் அவங்க. அலறல், அழுகை, முக்கல் முனகல், கூட்டத்துல 'ஐயோ கட்டடம் விழுது ஓடுங்க'ன்னு சொல்றது, அதெல்லாம் எனக்கு. அஞ்சு பாகத்துக்கும் நாந்தான்." அந்த உப்புத்தாள் குரலில் அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நான் அவள் முழங்கையை அழுத்தினேன், கவனிக்கவே இல்லை. "விழுறப்ப கத்துறது வேற சார், தீயைப் பாத்துக் கத்துறது வேற. தீன்னா மூச்ச உள்ள இழுத்துக்கிட்டே கத்தணும். விழுறதுன்னா உச்சியில ஆரம்பிச்சுப் போகப் போக மெலிசாக்கணும், நின்னுடக் கூடாது. நின்னா அவ செத்துட்டான்னு அர்த்தம். அவன் வந்து பிடிக்கணும்ல."

"ரெண்டாம் பாகத்துல பாலம் உடையுமேம்மா, அது?"

"அத ரெண்டு நாளு எடுத்தாங்க. ராஜாத்தி அக்கா எனக்குப் பனங்கற்கண்டு பால் கொண்டாந்து குடுத்தாங்க." அம்மா சிரித்தாள்.

சிரிக்கிறாள், அக்கா! அந்த ஆள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார், இவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். சுபாவும் வந்து கதவில் சாய்ந்து நிற்கிறாள். எனக்கோ ரத்தம் கொதிக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒருத்தியின் குரலைக் காப்பாற்ற இன்னொருத்தியின் தொண்டையைக் கிழித்திருக்கிறார்கள். கட்டி எதனால் வந்தது என்று இப்போது தெரிகிறதா? இது நான் பட்டிமன்றத்தில் சொன்னதைவிட நூறு மடங்கு கொடுமை. என்னுடைய வாதம் தோற்கவில்லை, இன்னும் பலமாகியிருக்கிறது. அதை அங்கேயே எழுந்து நின்று சொன்னேன்.

"மங்கை, உட்காரு" என்றாள் அம்மா.

"நீ இரும்மா. சார், இதுக்குப் பேர்தான் சுரண்டல். நீங்க இந்த நாத்தம் பிடிச்ச அறையில உட்கார்ந்து ரசிச்சு ரசிச்சுக் கேக்குறீங்களே, இது ஒரு பொம்பளையோட தொண்டை."

அந்த ஆள் பேனாவை எடுத்து, பெட்டியின் மூடி உட்புறத்தைத் திருப்பி, அம்மாவிடம் நீட்டினார். "இதுல உங்க பேரை எழுதித் தர்றீங்களாம்மா?" எவ்வளவு திமிர்! குரலைக் கேட்க மனசில்லாதவர்கள் இப்போது கையெழுத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கப் போனாள். நான் இடையில் பிடுங்கிவிட்டேன்.

"எழுதாதம்மா. முதல்ல குழுவுல மன்னிப்புக் கேக்கட்டும். யாரு கேக்கப் போறாங்கன்னு சொன்ன ஆளு இவரு."

"சொன்னேன், தப்புத்தான். இன்னிக்கே எழுதுறேன்" என்றார் அந்த ஆள்.

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் நான் விட்டுவிடுவேனா? போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டு அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "சொல்லும்மா. எனக்கு நடந்தது அநியாயம்னு உன் வாயால சொல்லு. இத்தனை வருஷம் உன்னைப் பேசவிடாம பண்ணிட்டாங்க. இப்ப பேசு. நான் இருக்கேன்ல, பயப்படாத. சொல்லு, எனக்கு நடந்தது அநியாயம். எங்க, சொல்லு."

"என்னத்தடி சொல்ல?"

"நான் சொல்றதச் சொல்லும்மா!"

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். செருமிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். நேராக என்னைத்தான் பார்த்தாள், அந்த ஆள் முகத்தில் முழிக்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு அருவருப்பு அவளுக்கு.

அப்புறம் அலறினாள்.

டாக்டர் என்ன சொன்னார், தொண்டை என்ன ஆகும், ஒன்றையும் யோசிக்கவில்லை. உப்புத்தாள் கிழிந்து அதற்குள்ளிருந்து வேறொன்று வந்தது. உச்சியில் ஆரம்பித்து, மெலிந்து மெலிந்து, முடிவே இல்லாமல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கீழ்வீட்டு நாய் குரைத்தது, யாரோ வாசல் மணியை அடித்தார்கள். சுபா காதைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆள் கை கூப்பிவிட்டார். எனக்குப் போன் கை நழுவி விழத் தெரிந்தது. நிறுத்தியதும் அம்மா இருமினாள், தண்ணீர் குடித்தாள், என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள்.

நான் விடவில்லை. போனை மறுபடி நேராகப் பிடித்து, "கத்துனா போதுமாம்மா? கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றேன்.

மூடியின் உள்ளே பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"சொல்லிட்டேன்."